கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கேளுங்கள்

போடிநாயக்கனூரில் விடியற்காலை 5 மணிக்குத் தெருமுனையில் கண்ணை மூடிக்கொண்டு நின்றாலும், வருவது யாருடைய ஜீப் என்று சொல்லிவிடுகிற ஆட்கள் உண்டு. கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலையாட்களை ஏற்றிப்போகும் ஜீப்புகள் அவை. தூக்குவாளியும் தலைத்துண்டுமாகப் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்ததும் வண்டி போடிமெட்டை நோக்கி உறுமத் தொடங்கும். மேலே போய்ச் சேர 17 கொண்டை ஊசி வளைவுகள். அத்தனை வளைவிலும் வண்டிக்குள் யாரும் மெதுவாகப் பேசிவிட முடியாது. கத்திப் பேசிப் பழகிய குரல், சாயங்காலம் வீட்டுத் திண்ணைக்கு வந்த பிறகும் இறங்காது.

என் அக்கா வீட்டுக்காரருக்குக் கம்பம் பக்கம் கொஞ்சம் திராட்சைத் தோட்டம். இருபது வருஷத்துக்கும் மேலாக ஒரே ஜீப். உரமூட்டை, மருந்து டிரம், திராட்சைப் பெட்டி, கோயிலுக்குப் போகும் குடும்பம் எல்லாம் அதில்தான். அவரை எப்போது போனில் கூப்பிட்டாலும் முதல் வார்த்தை மாறாது: “இரு மாப்ள, வண்டிய ஆஃப் பண்ணிட்டுப் பேசுறேன்.”

போன வருஷம் ஒருவழியாக வண்டி மாற்றும் முடிவுக்கு வந்தார். துணைக்கு நானும் போனேன். நாலைந்து ஷோரூம், இரண்டு பழைய வண்டிச் சந்தை. போன இடமெல்லாம் ஒரே காட்சி. மச்சான் மைலேஜ் கேட்பார், எத்தனை கிலோ தாங்கும் என்று கேட்பார், மூன்று வருஷம் கழித்து விற்றால் என்ன கிடைக்கும் என்று கேட்பார். அவர்களும் சளைக்காமல் சொல்வார்கள். பிறகு டெஸ்ட் டிரைவ். ஏ.சி. முழு வேகத்தில், பாட்டு ஓடிக்கொண்டிருக்க, பக்கத்தில் விற்பனைப் பையன் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருக்க, மேடுபள்ளமில்லாத பைபாஸில் 2 கிலோமீட்டர் போய்த் திரும்புவது. “அருமையா இருக்கு மாப்ள” என்பார் மச்சான். இன்ஜின் சத்தம் எப்படி இருந்தது என்று கேட்டால் விழிப்பார். அவருக்கு எங்கே கேட்கவிட்டார்கள்?

மைலேஜைப் பங்க்கில் நிற்கும்போதுதான் சந்திக்கிறோம். ரீசேலை வாழ்க்கையில் ஒரே ஒரு நாள். சத்தத்தோடு மட்டும் சாவி திருப்பிய நொடியிலிருந்து இறங்கும் வரை குடித்தனம் நடத்த வேண்டியிருக்கிறது. அதைப் பார்க்காமல் லோடு வண்டியோ ஏழு பேர் வண்டியோ வாங்குவது, பெண் பார்க்கப் போய்ப் பந்தலை மட்டும் பார்த்துவிட்டு வருவது மாதிரி.

டீசல் இன்ஜின் ஏன் கடகடக்கிறது என்பதில்தான் இந்தக் கதை தொடங்குகிறது. பெட்ரோல் இன்ஜினில் ஒரு பொறி தீ மூட்டுகிறது. டீசலில் பொறி கிடையாது. உள்ளே இழுத்த காற்றைப் பதினெட்டில் ஒரு பங்கு, இருபதில் ஒரு பங்கு என்று நசுக்குவார்கள். அதன் சூடு 500 டிகிரியைத் தாண்டும். அந்த நேரம் பார்த்து டீசலைப் பீய்ச்சினால் தானாகப் பற்றிக்கொள்ளும். ஆனால் பீய்ச்சிய அதே கணத்தில் பற்றாது. கண்ணிமைப்பதைவிடச் சின்னதாக ஒரு தாமதம். அதற்குள் சேர்ந்துவிட்ட டீசல் முழுவதும் ஒரே மூச்சில் எரிகிறது. அழுத்தம் சம்மட்டி அடிபோல் எகிறுகிறது. இரும்பு முழுக்க அதிர்கிறது. நாம் கேட்கும் ‘டக டக’ அதுதான். இன்ஜின் குளிர்ந்திருந்தால் தாமதம் நீளும், அடி பலமாகும். அதனால்தான் காலை முதல் ஸ்டார்ட்டில் வண்டி தன் உண்மைக் குரலில் பேசுகிறது.

பழைய ஜீப்காரர்கள் இரண்டு கட்சி. ஒன்று பிஜோ கட்சி, மகிந்திராவின் எம்.எம். 540-இல் வந்த 2,112 சிசி பிரெஞ்சு இன்ஜின். இன்னொன்று டி.ஐ. கட்சி, இன்டர்நேஷனல் டிராக்டர் இன்ஜினின் வம்சம். பிஜோவில் டீசல் முதலில் பக்கத்திலுள்ள ஒரு சின்ன அறைக்குள் எரிந்து, அங்கிருந்து சிலிண்டருக்குள் பாயும். அடி மெத்தென்று விழும். காலையில் ஹீட்டர் போட்டுக் காத்திருக்க வேண்டும். டி.ஐ.-யில் அறையெல்லாம் கிடையாது, நேராகப் பிஸ்டன் தலையிலேயே பீய்ச்சும். டீசல் குறைவாகக் குடிக்கும், இழுவை தூக்கும், சத்தம் மட்டும் ஊரைக் கூட்டும். சத்தத்தைக் கொடுத்து மைலேஜை வாங்கிய கணக்கு. மச்சான் டி.ஐ. கட்சி.

இந்தக் கணக்கைக் கலைத்தது காமன் ரெயில். கார்களில் அது முதலில் வந்தது 1997-இல், ஆல்ஃபா ரோமியோ 156 என்ற இத்தாலிய வண்டியில். எல்லா இன்ஜெக்டர்களுக்கும் பொதுவான ஒரு குழாயில் 1,600 பார், 2,000 பார் அழுத்தத்தில் டீசல் எந்நேரமும் தயாராக நிற்கும். டயரில் நாம் அடைக்கும் காற்றைப்போலப் பல நூறு மடங்கு. எப்போது, எவ்வளவு திறப்பது என்பதைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். அது செய்யும் தந்திரம் நம் வீட்டு அடுப்படியில் தெரிந்ததுதான்: முதலில் சுள்ளி, அப்புறம் விறகு. ஒரு துளியைப் பீய்ச்சிப் பற்றவைத்துவிட்டு, அந்தத் தீயில் மீதியை ஊற்றுகிறது. மொத்தமும் ஒரே அடியாக எரிவதில்லை. மைலேஜும் கிடைத்தது, அடியும் மெத்தென்றானது.

வாடகை வண்டிக்காரர்கள் இதை முதுகாலும் காதாலும் உணர்ந்தவர்கள். 1994-இல் டாடா சுமோ வந்தது. அந்தப் பெயருக்கும் ஜப்பானிய மல்லர்களுக்கும் சம்பந்தமில்லை. இன்று டாடா மோட்டார்ஸ் எனப்படும் டெல்கோவை வளர்த்த சுமந்த் மூல்காவ்கரின் பெயரும் குடும்பப் பெயரும் இரண்டிரண்டு ஆங்கில எழுத்து கொடுத்துப் பிறந்தது. 2000-இல் குவாலிஸ். 2005-இல் குவாலிஸை நிறுத்திவிட்டு, காமன் ரெயில் இன்ஜினோடு இன்னோவாவைக் கொண்டுவந்தது டொயோட்டா. திருப்பதி சவாரிக்கு ‘இன்னோவா இருந்தா சொல்லுங்க’ என்று கேட்கும் வழக்கத்துக்கு, சீட்டும் ஏ.சி.யும் மட்டுமில்லை, பின்சீட்டுப் பாட்டி தூங்கிப் போனதும் ஒரு காரணம் என்பது என் கட்சி.

சத்தத்தைத் தீர்மானிப்பவர்களில் நாம் எதிர்பார்க்காத ஒருவர் இருக்கிறார்: வரி அதிகாரி. பொலேரோவில் 2.5 லிட்டர், 4 சிலிண்டர் இன்ஜின்தான் இருந்தது. நீளம் 4 மீட்டருக்குள், டீசல் இன்ஜின் 1,500 சிசிக்குள் என்றால் வரி குறைவு. 2016-இல் வந்த பொலேரோ பவர் பிளஸ் அந்தக் கோட்டுக்குள் நுழைந்தது. நீளம் 3,995 மில்லிமீட்டர். இன்ஜின் 1,493 சிசி, மூன்றே சிலிண்டர். திறன் குறையவில்லை, கூடியது. ஆனால் குரல் மாறிவிட்டது. இதே 4 மீட்டர், 1,500 சிசி கோடு 2025 செப்டம்பர் ஜி.எஸ்.டி. மாற்றத்திலும் தொடர்கிறது: கோட்டுக்கு உள்ளே 18 சதவீதம், வெளியே 40. இத்தனை வித்தியாசம் இருக்கும்போது நான்காவது சிலிண்டரை யார் கேட்கப் போகிறார்கள்?

சிலிண்டர் குறைந்தால் குரல் ஏன் மாற வேண்டும்? ஒவ்வொரு சிலிண்டரும் இன்ஜின் இரண்டு சுற்றுச் சுற்றினால் ஒரு முறை வெடிக்கும். நிமிடத்துக்கு 1,500 சுற்று என்று வையுங்கள். 4 சிலிண்டர் வண்டியில் நொடிக்கு 50 அடி. மூன்றில் 37, 38. குட்டி யானை என்று நாம் செல்லமாகக் கூப்பிடும் டாடா ஏஸின் 2 சிலிண்டரில் 25. அடி குறையக் குறைய ஒலி நாதஸ்வரத்திலிருந்து உறுமிக்கு இறங்குகிறது. உறுமியைக் காது கேட்பதைவிட வயிறு அதிகம் கேட்கும். கேபினின் தகடும் கூரையும் இந்த அடித்தொண்டை ஒலிக்குத்தான் ஒத்து அதிரும். ஏற்றத்தில், மூன்றாம் நான்காம் கியரில், வண்டி கொஞ்சம் திணறும்போது உள்ளே ‘கும்ம்ம்’ என்று காது அடைக்குமே, அது.

இந்தக் ‘கும்’ எந்த விளம்பரத் தாளிலும் இருக்காது. போனில் டெசிபல் ஆப் போட்டுப் பார்த்தால்கூடச் சரியாக அகப்படாது. வழக்கமாக ஒலி அளக்கும் முறை, மனிதக் காது எதைக் கூர்மையாகக் கேட்கிறதோ அதற்கு மதிப்புக் கூட்டி, அடித்தொண்டை ஒலிக்கு மதிப்பைக் கழித்துவிடும். நொடிக்கு 50 அதிர்வுள்ள ஒலியில் 30 டெசிபல் கழியும். 10 டெசிபல் ஏறினால் சத்தம் இரண்டு மடங்கானதாக நமக்குத் தோன்றும் என்கிறபோது, 30 என்பது சின்னக் கழிவு இல்லை. இரண்டு வண்டி ஒரே எண்ணைக் காட்டும். ஒன்றில் மதுரை வரை பேசிக்கொண்டே போகலாம், இன்னொன்றில் உசிலம்பட்டியிலேயே தலை வலிக்கும். சட்டமும் இங்கே உதவாது. ஓடும் வண்டியின் சத்தத்தை அது அளப்பது வெளியே, 7.5 மீட்டர் தள்ளி மைக் வைத்து. உள்ளே உட்கார்ந்திருப்பவரை நினைத்து வைத்த கணக்கு இல்லை அது.

ஆகவே நம் காதை நாமேதான் கொண்டுபோக வேண்டும். மச்சானுக்கு நான் சொன்னது இவ்வளவுதான். முந்தின நாளே சொல்லி வைத்துக் காலையில் முதல் ஆளாகப் போகலாம். நாம் தொடும்போது இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும். பாட்டை நிறுத்து, ஏ.சி.யை நிறுத்து, கண்ணாடி நான்கையும் ஏற்று. விற்பனைப் பையனிடம், “தம்பி, பத்து நிமிஷம் பேசாம வாங்க” என்று தயவாகக் கேட்டுக்கொள்ளலாம். பைபாஸ் வேண்டாம், ஏற்றம் பார்த்து ஓட்டுங்கள். 40 வேகத்தில் நான்காம் கியர் போட்டு மெல்ல மிதியுங்கள். ‘கும்’ இருந்தால் அங்கே வெளிவந்துவிடும். பிறகு 80. அந்த வேகத்துக்கு மேல் கேட்பது பெரும்பாலும் டயரும் காற்றும். அதை இன்ஜின் கணக்கில் எழுதாதீர்கள்.

ஏழு பேர் வண்டியானால் வாங்குகிறவர் கடைசி சீட்டில் ஒருமுறை உட்கார்ந்து வர வேண்டும். ஓட்டுபவருக்கு இன்ஜின் பக்கம். கடைசி சீட்டுக்காரருக்குப் பின் அச்சும், அதன் நடுவிலுள்ள பல்சக்கரப் பெட்டியான ஹவுசிங்கும் பக்கம். பிள்ளைகள் அங்கேதான் உட்காரப் போகிறார்கள். லோடு வண்டியானால் காலியாக ஓட்டிப் பார்த்து மயங்கவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம். காலி வண்டியின் பின்பலகை தடதடப்பது ஒரு சத்தம், முழு லோடில் ஏற்றத்தில் இன்ஜின் முனகுவது வேறு சத்தம். பத்து மூட்டையாவது ஏற்றிப் பார்க்க முடிந்தால் உத்தமம். ஷோரூமில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

குட்டி யானையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 2005-இல் அது வந்தபோது 702 சிசி, 16 குதிரைத் திறன், முக்கால் டன் லோடு. மூன்று சக்கர ஆட்டோவில் லோடு அடித்தவர்களை நான்கு சக்கரத்துக்கு ஏற்றிவிட்டது. இன்ஜின் சீட்டுக்கு அடியில். சத்தமும் சூடும் நேராக இடுப்புக்கு வரும். 796 சிசி ஆம்னி வேனிலும் இதே அமைப்புதான், பெட்ரோல் என்பதால் கொஞ்சம் சாது. இதைக் குறையாக நான் சொல்லவில்லை. நாள் முழுக்க ஊருக்குள் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் சவாரி அடிப்பவருக்கு அந்தச் சத்தம் விலையிலேயே கழிந்துவிட்டது. ஒட்டன்சத்திரத்தில் காய்கறி ஏற்றி விடிவதற்குள் கோயம்பேடு போய்ச் சேர வேண்டியவருக்கு, அதே சத்தம் திருச்சி தாண்டுவதற்குள் தூக்கமாக மாறும். ஓயாத தாழ்ந்த உறுமலுக்குத் தாலாட்டின் குணமும் உண்டு. அது ஓட்டுநருக்கு ஆகாது.

வாங்கியாகிவிட்டது, அப்புறம்? கார் அலங்காரக் கடைக்கு ஓடுவதற்கு முன் மெக்கானிக்கிடம் போங்கள். இன்ஜின் மவுண்டிங் ரப்பர் செத்துப் போயிருந்தால் அதிர்வு முழுக்கச் சேஸிஸுக்கு இறங்கும். அதை மாற்றிய அன்று வண்டி வயது குறைந்தது போல் இருக்கும். ‘டீசல் பம்ப் - நாசில் சர்வீஸ்’ என்று பலகை போட்ட கடைகள் நெடுஞ்சாலை ஊர்களில் இன்னும் இருக்கின்றன. நாசில் சரியாகப் பீய்ச்சவில்லை என்றால் எந்த இன்ஜினும் கத்தும். ஒயர் போகும் ஓட்டைகளில் ரப்பர் விழுந்திருக்கிறதா என்று கால் வைக்கும் இடத்தில் குனிந்து பாருங்கள். ஒரு விரல் நுழையும் ஓட்டை போதும், செலவழித்ததெல்லாம் அதன் வழியே போய்விடும். மெல்லிய கார்ப்பெட்டால் ‘கும்’ போகாது. சத்தத்தை மறிப்பது கனம்தான். தடுப்பின் கனத்தை இரட்டித்தால் 6 டெசிபல் குறையும் என்பது பொதுக் கணக்கு. அந்தக் கனத்தை வண்டி சுமக்க வேண்டும் என்பதையும் சேர்த்து எண்ணிக்கொள்ளுங்கள்.

நானும் இந்த ஆசையில் ஒருமுறை விழுந்தேன். என்னிடம் ஒரு பழைய டீசல் வேன் இருந்தது. கதவு, தரை, கூரை எல்லாவற்றையும் பிரித்து டேம்பிங் ஷீட் ஒட்டினேன். ஒரு மாதச் சம்பளம் போனது. வண்டிக்குள் பூஜை அறை அமைதி. இரண்டு மாதம் கழித்து வத்தலகுண்டு சாலையில் ஏதோ கருகும் வாடை. இறங்கிப் பார்த்தால் முன் சக்கரம் தொட முடியாத சூடு. வீல் பேரிங் பொடியாகியிருந்தது. மெக்கானிக் கழற்றிப் பார்த்துவிட்டு, “பத்து நாளா கத்தியிருக்குமே சார், கேக்கலையா?” என்றார். கேட்காமல் இருக்கத்தானே காசு கொடுத்தேன்.

அதற்குப் பிறகு சத்தத்தை எதிரியாகப் பார்ப்பதை விட்டேன். எது வழக்கமான குரல், எது புதிது என்று பிரித்துக் கேட்கப் பழகினேன். பழைய ஓட்டுநர்கள் இதில் கரை கண்டவர்கள். வலது வளைவில் ஊளை ஏறுகிறதா, இடது வீல் பேரிங்கைப் பார். கிளச்சை மிதித்ததும் ஒரு சத்தம் கிளம்பினால் கிளச் பேரிங். மிதித்ததும் நின்றால் கியர்பாக்ஸுக்குள் ஒரு பேரிங். ஆக்ஸிலேட்டரை விட்டதும் சுருதி மாறும் ஊளை ஹவுசிங்கில். காலையில் ‘கீச்’ என்று கத்தி, சூடானதும் அடங்கினால் பெல்ட். ‘சப் சப்’ என்றால் சைலன்சர் மூட்டில் கசிவு. லோடில் மட்டும் ஆழத்திலிருந்து ‘டொம் டொம்’ என்று வந்தால் மேற்கொண்டு ஓட்டாதே, கன்ராட் பேரிங்காக இருக்கலாம்; அடுத்தது இன்ஜினே போகும். ஸ்க்ரூ டிரைவரின் முனையை இன்ஜினில் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்கும் மெக்கானிக்கை இளப்பமாகப் பார்க்காதீர்கள். டாக்டர் கழுத்தில் தொங்குவதும் அதே சங்கதிதான். ஒரே ஒரு எச்சரிக்கை. எந்த சிலிண்டர் தட்டுகிறது என்று கண்டுபிடிக்க, ஓடும் இன்ஜினில் நாசில் பைப்பை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்ப்பது அந்தக் கால வழக்கம். காமன் ரெயில் வண்டியில் அதைச் செய்யக் கூடாது. அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும்.

டீசல்தான் வேண்டுமா என்ற கேள்வியை இப்போது தைரியமாகக் கேட்கலாம். 2012-இல் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு 30 ரூபாய்க்கு மேல் இடைவெளி இருந்தது. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீங்கியது. அண்மை வருஷங்களில் சென்னையில் அந்த இடைவெளி 8 ரூபாய் அளவுக்குச் சுருங்கிவிட்டது. 2020-இல் வந்த பி.எஸ். 6 விதிக்குப் பிறகு டீசல் வண்டியின் புகைக்குழாயில் கரிவடிகட்டி உண்டு. அது தன்னைச் சுத்தம் செய்துகொள்ள நீண்ட ஓட்டம் வேண்டும். பள்ளிக்கூடம், மார்க்கெட், வீடு என்று மட்டும் சுற்றுபவர் டீசல் வாங்கினால் சத்தத்தோடு அடைப்பும் வரும். அவர்களுக்கு என் ஓட்டு பெட்ரோல் அல்லது சி.என்.ஜி. மலை ஏறும் லோடுக்கு இன்னமும் டீசல்தான். பெட்ரோல் ஹைபிரிட் இன்னோவா ஊருக்குள் பூனை. ஏற்றத்தில் முழுக்க மிதித்தால் மட்டும் வேகத்துக்குச் சம்பந்தமில்லாமல் இன்ஜின் உச்ச சுருதியில் நிற்கும், பழகாதவர்கள் கிளச் நழுவுவதாக நினைப்பார்கள்.

மின்சார வண்டி இந்தக் கச்சேரியையே கலைத்துவிடுகிறது. குட்டி யானையிலேயே 2022-இல் மின்சார வடிவம் அறிமுகமாகிவிட்டது. இன்ஜின் வாய் மூடியதும் அதுவரை பின்பாட்டு பாடிக்கொண்டிருந்த டயரும் பலகையும் முன்னுக்கு வருகின்றன. ஐரோப்பாவில் இன்னொரு சிக்கல்: சத்தமே இல்லாமல் வரும் வண்டி பார்வையற்றோருக்கு ஆபத்து என்று, மெதுவாகப் போகும்போது செயற்கையாக ஒலி எழுப்பும் கருவியை 2019 ஜூலை முதல் புதிய மாடல்களுக்குக் கட்டாயமாக்கினார்கள்.

காதைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பாதிதான். 85 டெசிபலை ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்கு மேல் கேட்க வேண்டாம் என்கிறது அமெரிக்கத் தொழில் சுகாதார நிறுவனமான நியோஷ். 3 டெசிபல் ஏற ஏற நேரம் பாதியாகும்: 88 என்றால் 4 மணி, 91 என்றால் 2 மணி. கண்ணாடியை இறக்கிவிட்டு, இன்ஜினை மிஞ்சப் பாட்டு வைத்து ஓட்டும் லோடு வண்டிக்காரர், இன்ஜின் சத்தத்தின் மேல் இன்னொரு சத்தத்தை ஏற்றிக்கொள்கிறார். இரைச்சலில் கெடும் காது மொத்தமாகக் கெடுவதில்லை. முதலில் நொடிக்கு 4,000 அதிர்வை ஒட்டிய கீச்சொலிகள் போகும். பேச்சு கேட்கும், ஹார்ன் கேட்கும்; அதனால் ஒன்றும் குறையவில்லை என்றே தோன்றும்.

மச்சான் கடைசியில் பழைய வண்டிச் சந்தையில் மூன்று வருஷம் ஓடிய இரட்டைக் கேபின் பிக்கப் ஒன்றை எடுத்தார். 4 சிலிண்டர். கண்ணாடியை ஏற்றி, ஏற்றத்தில் ஓட்டி, பத்து மூட்டை ஏற்றி, எல்லாம் செய்துதான். அக்காவுக்குப் பின்சீட்டு பிடித்துப் போயிற்று.

போன வாரம் கூப்பிட்டேன். தோட்டத்து வாசலில் வண்டியை நிறுத்தி யாருக்கோ காத்திருந்தார். “சொல்லு மாப்ள” என்றார். வண்டியை ஆஃப் பண்ணவில்லை. குரல் தெளிவாக வந்தது. அதற்குப் பின்னால் இன்ஜின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. அதற்கும் பின்னால் ஒரு ‘கீச்... கீச்’.

“மச்சான், ஃபேன் பெல்ட் கத்துதே. எத்தன நாளா?”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. உற்றுக் கேட்கிறார் என்று புரிந்தது. கண்ணாடியை இறக்கும் ஓசை. திரும்ப ‘கீச்... கீச்’.

“எங்க மாப்ள? எனக்கு ஒண்ணும் கேக்கலையே.”